கேட்டுவிட்டுப் போகிறவள்

தன் வீட்டில் தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். திருப்பதியில் நான் குடியிருந்த காலனியில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். சமையலறையில் சொம்பைக் கையில் பிடித்து நின்றபடி கூடத்தைப் பார்த்து, "அம்மா, தண்ணி குடிச்சிக்கட்டா?" என்பாள். டிவி பார்த்துக்கொண்டிருக்கிற அந்த அம்மா தலையைத் திருப்பாமலே, "குடிம்மா, இத்தப் போயி கேட்டுக்கினு" என்பார். அதற்கு அப்புறம்தான் சொம்பு வாய்க்குப் போகும்.

முதல் தடவை பார்த்தபோது ஏதாவது விரதமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, மாத்திரை ஏதும் போடுகிறாளோ என்று நினைத்தேன். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிற ஆம்பிளைகளோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்?

"இன்னாக்கா இது? உங்க ஊட்டுத் தண்ணிக்கு யாராண்ட பர்மிசன் கேக்கற?" என்றேன்.

"பழகிப்போச்சிடி" என்று சிரித்தாள்.

தண்ணீர் மட்டுமா? ஃபேன் போட்டுக்கட்டா, இந்தப் பழத்தத் துன்னட்டா, கொஞ்சம் உக்காரட்டா. காய்கறி வண்டிக்காரியிடம்கூட, "தக்காளியத் தொட்டுப் பாக்கட்டா?" என்று கேட்பாள். வண்டிக்காரிக்கே கூச்சமாகிவிடும். "தீஸ்கோம்மா, எடுத்துக்கோ" என்று நாலு தக்காளியை அவளே பொறுக்கிப் போடுவாள். அதுவும் நல்ல தக்காளியாகத்தான் போடுவாள், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதட்டி வாங்கினால் சொத்தைதான் வரும்.

காலனியில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நாற்பதுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பாக்கி. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டால், "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்டி" என்பாள். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

அவள் கதை எனக்குத் தெரியவந்தது தண்ணி லாரிக்காகக் குடங்களோடு தெருவில் காத்திருந்த ஒரு மத்தியானம். அவள் பிறந்தது சத்தியவேடு பக்கம் ஏதோ ஒரு எல்லையோரக் கிராமம். நைனா கூலி வேலைக்குப் போன இடத்தில் செத்துப்போனார். அம்மாக்காரி சின்னக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். அக்கா சித்தூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். ஒன்பது வயதில் இந்த வீட்டு ஐயாவும் அம்மாவும் அங்கே போய், கொஞ்ச நாளைக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று அழைத்து வந்தார்கள்.

"அப்ப தத்து எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"தத்து இல்லடி. வளர்ப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் கீது. தத்துன்னா அவங்க புள்ளன்னு எழுதிக்குவாங்க. வளர்ப்புன்னா, சொந்தக்காரங்க யாராச்சும் வந்து கேட்டா திருப்பிக் குடுத்துடணும்."

"யாராச்சும் வந்தாங்களா?"

"வரல" என்றாள். அதற்குள் லாரி வந்துவிட்டது. அன்றைக்கும் அவள் முன்னால் நின்ற கிழவரிடம், "தாத்தா, நான் புடிச்சிக்கட்டா?" என்று கேட்டு, அவர் பிடித்து முடித்தபிறகு பிடித்தாள்.

நீங்கள் இப்போது அந்த அம்மாவை ஒரு ராட்சசியாகக் கற்பனை செய்திருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க அலைந்தேன். கிடைத்தால்தானே! நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை அக்கா தட்டில்தான் வைப்பார். அக்காவுக்கு டைபாய்டு வந்தபோது நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டு கிடந்தாராம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்துவந்த பெண்ணுக்கு வார இதழ்களைக் கையில் கொடுத்துத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். சொந்தப் பிள்ளை ஒருவன் இருந்தான், பெங்களூரில் வேலை. அவனுக்கும் அக்காவுக்கும் சாப்பாட்டில், துணியில் எந்த வித்தியாசமும் பார்த்ததில்லை என்று காலனியே சாட்சி சொல்லும்.

ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு யாராவது புதியவர்கள் வந்து, "இது யாரு, உங்க பொண்ணா?" என்று கேட்டால், அந்த அம்மா, "எங்ககிட்ட வளர்ற பொண்ணு" என்பார். முகத்தில் கடுமை ஏதும் இருக்காது. இருக்கிறதைச் சொல்கிற மாதிரி சொல்வார். அக்கா அந்த நேரத்தில் காபி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிடுவாள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "வளர்ற பொண்ணாம், நாப்பது வயசாவப் போவுது, இன்னும் எவ்ளோ வளரணுமாம்?" என்று ஒருநாள் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

கல்யாணமும் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார், யார் பெண் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஐயா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்து ஒருநாள் அவரும் போய்ச்சேர்ந்தார். அதற்கப்புறம் அந்த அம்மாவும் அக்காவும் மட்டும்தான். அம்மா உள்ளறையில் கட்டிலில் படுப்பார். அக்கா அந்த அறை வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பாள், கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று.

இந்த மாதிரி ஒருத்தியை நான் புத்தகம் படிக்கிற இடத்துக்கு இழுத்துப்போனேன். காலனிக்கு அந்தப்பக்கம் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடுவோம். எல்லோரும் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க்காரர்கள். எங்கள் பிள்ளைகளெல்லாம் தெலுங்கில் எழுதி இங்கிலீஷில் மார்க் வாங்குகிறவர்கள். தமிழ் எழுத்து எங்களோடு முடிந்துவிடும் போலிருக்கிறது என்கிற பயத்தில் டீச்சரம்மா ஆரம்பித்தது. மெட்ராஸ் போகிறவர்கள் யாராவது புத்தகம் வாங்கிவருவார்கள். கைமாற்றி மாற்றிப் படிப்போம்.

அந்த மாதம் வந்த நாவல் ஒரு வளர்ப்புப் பெண்ணைப் பற்றியது. மலையூர் ஒன்றில் ஒரு தம்பதி. இல்லத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அழைத்துவந்து வளர்க்கிறார்கள். அடி இல்லை, திட்டு இல்லை. சாமான் அறையில் ஒரு அலமாரித் தட்டு அவளுக்கு. பதினெட்டு வயது முடிந்த மறுநாள் விடிகாலையில் அந்தப் பெண் ஒரு பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்து போய்விடுகிறாள். அதோடு நாவல் முடிகிறது. எங்கே போனாள், என்ன ஆனாள், ஒன்றும் கிடையாது.

என்ன நாவல் என்று தெரியாமல் அக்காவிடம் கொடுத்தவர் டீச்சரம்மா. அங்கே யாருக்கும் அவள் கதை தெரியாது, அந்த வீட்டுப் பெண் என்றே நினைத்திருந்தார்கள். நான் படித்துவிட்டு, ஐயையோ, இதை எப்படி இவள் படிப்பாள் என்று தவித்தேன். அவளோ இரண்டே நாளில் படித்துவிட்டு, "இன்னொரு தரம் படிச்சிக்கட்டா?" என்று டீச்சரம்மாவிடம் கேட்டனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டை மாதிரி டீச்சரம்மா வீடு பார்த்ததில்லை.

"நாலு எடத்துல அழுதுட்டேன்" என்று டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "அந்தப் புள்ள சாமான் ரூம்ல தன் துணிய மடிச்சி வெக்கறப்போ, பாவம், மனசு தாங்கல."

"எனக்கு ஒரு சொட்டு வரல மேடம்" என்றார் இன்சூரன்ஸ்காரர். எங்கள் கூட்டத்தில் ஒரே ஆம்பிளை, பாலிசி பிடிக்க வந்து புத்தகம் பிடித்துக்கொண்டவர். "சோறு போட்டு, படிக்க வெச்சி, கண்ணுல வெச்சிப் பாத்துக்கினாங்க. ஒரு வார்த்த சொல்லாம எழுந்து போறா. உண்ட ஊட்டுக்கு ரெண்டகம்னா இதான்."

"பதினெட்டு முடிஞ்சிபோச்சி சார், அவ ஏன் சொல்லணும்?" என்று பாய்ந்தாள் விமலா. பேங்கில் வேலை பார்க்கிற பெண், எங்களில் சின்னவள். "அவங்க இன்னா கடனா குடுத்தாங்க?"

"அது இல்லம்மா. பெத்தவங்களா இருந்தா இப்படிப் போவாளா?"

"பெத்தவங்களா இருந்தா சாமான் ரூம்ல அலமாரி குடுப்பாங்களா?" என்று கத்தியது நான்தான். டீச்சரம்மா என் கையில் முறுக்குத் தட்டைத் திணித்தார், வாய் கொஞ்ச நேரம் மூடியிருக்கட்டும் என்று.

அந்த இடைவெளியில் அக்கா, "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று கேட்டாள். சொல்லும்மா, சொல்லும்மா என்றார்கள்.

"அந்தப் பொண்ணு கதை பூரா ரெண்டாந்தரம் சோறு கேக்கவே இல்ல. பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. விமலா பக்கங்களைப் புரட்டினாள். சாப்பாடு வருகிற இடமெல்லாம் தேடினாள். ஆமாம், அந்தப் பெண் ஓரிடத்திலும் மறுசோறு கேட்கவில்லை.

"இன்னொண்ணு. பொறந்தநாளுக்குப் புது கவுனு குடுத்ததும் கட்டிப்புடிச்சி அழுதான்னு எழுதிக்கீறாரு. அது மட்டும் தப்பு. அழமாட்டா. துணியில தொங்கற வெலச்சீட்டு கிழியாம கீதான்னு பாப்பா. கிழிக்காம வெச்சிருப்பா. நாளைக்குத் திருப்பிக் குடுன்னா குடுக்கணும் இல்ல?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று விமலா கேட்டாள். "தோணிச்சி" என்றாள் அக்கா. நான் முறுக்குத் தட்டைக் கீழே வைத்தேன். போன தீபாவளிக்கு அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தபோது, உள்முந்தானையில் விலைச்சீட்டு ஊசி குத்தித் தொங்குவதைப் பார்த்து, "மறந்துட்டியாக்கா?" என்று கிழிக்கப் போனேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கிழிக்காத" என்றாள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரிம்மா, நீ சொல்லு. அந்தப் பொண்ணு செஞ்சது ரைட்டா தப்பா?" என்று இன்சூரன்ஸ்காரர் கேட்டார்.

"தப்புதான் சார்" என்றாள். "கேட்டுட்டுப் போயிருக்கணும்."

இன்சூரன்ஸ்காரர் தொடையைத் தட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம். "கேட்டா உட்டிருப்பாங்களாக்கா?" என்றேன்.

"ஏன் உடமாட்டாங்க? நல்லவங்கதான?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் விடவில்லை. "ஊரான் கத இருக்கட்டும். உனக்கு எப்பவாச்சும் எங்கியாச்சும் போவணும்னு தோணிக்கீதா?" என்றேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் போயிற்று.

"ஒரு ரூம்புடி" என்றாள் கேட் தூக்கியபிறகு. "சின்னதா இருந்தாலும் சரி. உள்பக்கம் நானே தாப்பா போட்டுக்கற மாதிரி. அவ்ளோதான்."

அவள் வாழ்க்கையில் ஆசை என்று வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான். மறுநாளே சத்தியவேட்டில் இருக்கும் என் சித்தி மகளுக்கு போன் போட்டேன். அங்கே கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிற பெண்களுக்காக அவள் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறாள். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனி ரூம் உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். உண்டு என்றாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றேன். "இன்னாடி, பைத்தியமா? தாப்பா இல்லாம ரூம்பு இருக்குமா?" என்றாள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது. சத்தியவேடு அவள் பிறந்த பக்கம் வேறு. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அந்த வெளிச்சத்துக்காக நான் ஊர் முழுக்க ரத்தம் எடுப்பேன். அடுத்த நொடியே, "அம்மாவக் கேக்கட்டா?" என்றாள்.

"கேளு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

கேட்டாள். அந்த அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கடைசிவரைக்கும் அவர் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லதுதானம்மா. உனுக்குன்னு ஒரு வேல வேணாமா? இந்தக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சிடட்டும்" என்றார். கண் ஆபரேஷன் முடிந்தது. "மருந்து ஊத்தறதுக்கு ஆளு வேணும் இல்ல, ஒரு மாசம் போவட்டும்" என்றார். ஒரு மாதம் போனது. "தம்பி காதுல ஒரு வார்த்த போட்டுடலாம், இல்லன்னா அவன் கோச்சிக்குவான்" என்றார். பெங்களூரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டால் அவன், "எனக்கின்னா, அம்மா சொன்னா சரி" என்றான். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒன்றையாவது பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. எனக்குத்தான் நெஞ்சு வெடித்தது. சித்தி மகள் கடைசியாகச் சொல்லிவிட்டாள்: புதிதாக நிறையப் பெண்கள் வருகிறார்கள், வருகிற திங்கட்கிழமை காலையில் அக்கா அங்கே இருக்கவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன்.

அது கங்கம்மா ஜாத்திரை சமயம். ஜாத்திரை தொடங்குகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி தப்பட்டை அடித்து சாட்டிம்பு போடுவார்கள். அதுதான் அறிவிப்பு. சாட்டிம்பு போடும்போது ஊருக்குள் இருக்கிற ஊர்க்காரர்கள் ஜாத்திரை முடிகிற வரைக்கும் ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வந்துவிடவேண்டும். மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதற்குப் பயப்படுவார்கள். நானே பயப்படுவேன். ஒரு வாரம் அப்படி. திங்கட்கிழமை அந்த வாரத்துக்கு உள்ளேதான் விழுந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை பொழுதோடு கிளம்பிவிடு, சாட்டிம்புக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிடு என்று நான் அக்காவுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் திங்கள் சாயங்காலமே பையைக் கட்டிவிட்டாள்.

செவ்வாய் காலை அந்த அம்மா, "நல்ல காரியமா போற, கங்கம்மாவுக்கு ஒரு பொங்கல் வெச்சிட்டுப் போம்மா" என்றார். வைத்தாள். பொங்கல் வைத்து முடிக்க மத்தியானம். "வெறும் வயித்தோட போவாத" என்றார். சாப்பிட்டாள். "தலைக்கு ஊத்திக்கினு ஈரத் தலையோட பஸ்ஸுல போனா சளி புடிச்சிக்கும், காயட்டும்" என்றார். காய்ந்தது. நான் லேபிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது விளக்கு வைக்கிற நேரம். அக்கா பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைக்குப் பின்னுவது போல, ஒவ்வொரு காலாக எடுத்து, நிதானமாக.

"அக்கா, எழுந்துரு, பஸ்ஸு போயிடும்" என்றேன்.

"பூ வெச்சிட்டா முடிஞ்சிதும்மா" என்றார் அந்த அம்மா.

பூ வைத்து முடிப்பதற்குள் தெருக்கோடியில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. தலையை அந்த அம்மா கையிலேயே விட்டுக்கொண்டு, சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்து, வாசலைத் தாண்டிப் போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த வாரம் முழுக்கத் தெருவில் வேஷக்காரர்கள். உடம்பெல்லாம் வெள்ளை பூசிய பையன்கள், புடவை கட்டிய ஆம்பிளைகள், வேப்பிலை, கூச்சல். எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் வந்தான். ஜாத்திரைக்கு வந்து, கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கே கிளம்பினான், வெளியூரிலிருந்து வந்தவர்கள் இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டுமே. நான் அப்போது அவர்கள் வாசலில்தான் இருந்தேன். அந்த அம்மா பேரன் நெற்றியில் குங்குமம் வைத்து, கோழிக்குழம்பை டப்பாவில் அடைத்துக் கொடுத்து, "பத்திரமா போப்பா" என்றார். டப்பாவை வண்டிக்குள் வைத்தவள் அக்கா. கார் தெருமுனை திரும்பிப் போயிற்று.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒன்று வந்தது. "கட்டா", "ட்டா" எதுவும் இல்லாத ஒரு பேச்சு.

"அம்மா, தம்பி ராத்திரி பெங்களூர்லதான் படுப்பான். அவனுக்கு சாட்டிம்பு இல்லியே. அப்ப நானும் போறேன். நாளைக்கு அங்க வேலைக்கு நிக்கணும்."

எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. அக்காவின் கன்னத்தில் கையை வைத்தார். "அவன் வந்தவன்டி. வந்தவன் போறான். வெளியூர்க்காரனுக்கு ஏது கட்டுப்பாடு? நீ அப்படியா? நீ இந்த ஊட்டுப் பொண்ணு. என் பொண்ணு. ஊட்டுப் பொண்ணு சாட்டிம்பு தாண்டலாமா?"

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. ஒன்பது வயதில் அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து, காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த வார்த்தை அது. யாரிடமும் சொல்லாத வார்த்தையை அந்த அம்மா அன்றைக்கு எடுத்தார். அவர் வேண்டுமென்று செய்தாரா, இல்லை தனியாகிவிடுவோம் என்கிற பயத்தில் தானாக வந்துவிட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அக்காவுக்கும்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தெருவில் போன வேஷக்காரப் பையன் ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

நான் அக்காவைப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துப்போய், "நாளைக்குக் காலீல நானே கூட்டிக்கினு போறேன், வா. கங்கம்மா என்னிய மொதல்ல அடிக்கட்டும்" என்றேன்.

"கேட்டியாடி?" என்றாள் அவள். முகமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. "பொண்ணுன்னுட்டாங்கடி. என் பொண்ணுன்னுட்டாங்க. உங்க சித்தி பொண்ணாண்ட வரலன்னு சொல்லிடு."

சொன்னேன். வேறு என்ன செய்ய?

அடுத்த மாதம் என் வீட்டுக்காரருக்குச் சித்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது. நாங்களும் வந்துவிட்டோம். இங்கேயும் லேப், இங்கேயும் கையை இழுத்துக்கொள்கிற ஆம்பிளைகள். அக்கா போன் பண்ணுவாள், நலம் விசாரிப்பாள், வைத்துவிடுவாள். போன வருஷம் டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனபோது, அந்த வீட்டுக்கும் போனேன்.

அந்த அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். வாசலில் யாரோ புதிதாகக் குடிவந்த பெண்மணி நின்று பேசிக்கொண்டிருந்தாள். "இது என் பொண்ணு" என்று அக்காவைக் காட்டினார். தடங்கலே இல்லாமல் வந்தது அந்த வார்த்தை. அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு சமையலறைக்குப் போய்த் தானும் ஒரு சொம்பு மொண்டு கடகடவென்று குடித்தாள். யாரையும் கேட்கவில்லை. இதற்காக எத்தனை நாள் அவளிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது அதைப் பார்க்க எனக்கு ஏன் அழுகை வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் கட்டியிருந்தது அந்தத் தீபாவளிப் புடவை. நான் உள்முந்தானையைத் தேடுவதைப் பார்த்துவிட்டாள்.

"சீட்டக் கிழிச்சிட்டேன்டி. அன்னிக்கே. எல்லாத் துணியிலயும் கிழிச்சிட்டேன்" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். வாசல் கேட் வரைக்கும் வந்தாள். உள்ளே அந்த அம்மா மருந்து நேரம் ஆயிற்று என்று குரல் கொடுத்தார். "வரேம்மா" என்று பதில் சொல்லிவிட்டு, கேட்டில் கையை வைத்தபடி நின்றாள்.

"அந்த நாவல் நெனப்பு கீதா உனக்கு?" என்றாள்.

"ம்."

"அந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு சொன்னேன் இல்ல? டீச்சரம்மாவாண்ட போறப்பல்லாம் சொல்லணும்னு நெனைப்பேன், மறந்துடும். அவ கேக்காம போனதுதான் சரி."

"ஏன்க்கா?" என்றேன்.

"கேட்டிருந்தா, நீ எங்க பொண்ணுன்னு சொல்லியிருப்பாங்கடி. அப்புறம் எப்படிப் போவா?"

உள்ளேயிருந்து இரண்டாவது தடவை குரல் வந்தது. அவள் என் பக்கமாகக் கேட்டைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வேகமாக வீட்டுக்குள் போனாள்.